குட்டித் தீவில் கடற்கரைக் கல்யாணம்: விருந்தாளியாகப் போகிறவர் எதையெல்லாம் பார்க்கணும்?

வெண்மணல் கேட்டது:

நண்பர்கள் இருவர் வெப்பமண்டலத் தீவு ஒன்றில் கல்யாணம் வைத்திருக்கிறார்கள். ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நடந்தே போய்விடலாம், அவ்வளவு சின்னத் தீவு. பெரிய விமானத்தில் இறங்கி, அங்கிருந்து குட்டி விமானத்திலோ படகிலோ போகணும். எது வேண்டும் என்று நாமே முடிவு பண்ணிக்கலாமாம். மாலை 5.30க்கு, மணலிலேயே கல்யாணம். பௌர்ணமி பார்த்துத் தேதி வைத்திருக்கிறார்கள். உடைக்கு "வெளிர் நிறம்" என்று மட்டும் அழைப்பில் இருக்கிறது.

எத்தனை நாள் முன்னாடி போய்ச் சேரணும்? படகா, விமானமா? மணலில் அவதிப்படாமல் இருக்க என்ன உடுத்துவது? பரிசைக் கையோடு கொண்டுபோகலாமா? மருந்துப் பையில் என்ன வேண்டும்? "சூப்பரா இருக்கும், என்ஜாய் பண்ணுங்க" வகைப் பதில் வேண்டாம். எது எங்கே சொதப்பும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பாய்மரம் எழுதியது:

சொதப்புவது பெரும்பாலும் அந்தக் கடைசிக் கட்டப் பயணம்தான், அதனால் அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

சின்னத் தீவுகளின் ஓடுதளங்கள் பலவற்றில் இரவு விளக்கு கிடையாது. மாலத்தீவுகளில் கடல் விமானங்கள் பகல் வெளிச்சத்தில் மட்டும்தான் பறக்கும். உங்கள் பெரிய விமானம் இரண்டு மணி நேரம் தாமதமாகி நாலு மணிக்கு இறங்கினால், அன்றைக்குத் தீவு கிடையாது. ஒரு ராத்திரி வெளியில் தங்கி மறுநாள்தான் போகமுடியும். ஆகவே கல்யாணத்துக்கு முந்தின நாள் போய்ச்சேரும்படி டிக்கெட் போடாதீர்கள். குறைந்தது இரண்டு இரவு முன்னதாக. அதில் ஒரு இரவு முழுக்கத் தாமதத்துக்கென்று ஒதுக்கியது என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு விமானத்தையும் தனித்தனி டிக்கெட்டாக வாங்கினால் விலை குறைவாகத் தெரியும். ஆனால் முதல் விமானம் தாமதமானதற்கு இரண்டாவது கம்பெனி பொறுப்பேற்காது; வராத பயணி என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள், டிக்கெட் பணமும் போச்சு. ஒரே டிக்கெட்டாகக் கிடைக்கவில்லை என்றால் நடுவில் ஒரு ராத்திரி வையுங்கள்.

குட்டி விமானம் என்றால் பெரும்பாலும் ட்வின் ஆட்டர் மாதிரி, அதிகபட்சம் 19 பயணிகள். பெட்டியை மட்டுமல்ல, கைப்பையோடு உங்களையும் தராசில் நிற்கவைப்பார்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை, எல்லோருக்கும் அதுதான். பெட்டிக்கு 15 முதல் 20 கிலோ என்பது வழக்கமான வரம்பு, அதைவிடக் குறைவாகவும் இருக்கலாம். பெரிய விமானத்தின் வரம்பைப் பார்த்து மூட்டை கட்டுகிறவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள். இன்னொன்று: மழை பெய்து குட்டை ஓடுதளம் ஈரமாக இருந்தால் ஏற்றும் எடையைக் குறைப்பார்கள். அப்போது ஆளை ஏற்றிவிட்டுப் பெட்டியை அடுத்த விமானத்தில் அனுப்புவார்கள், அடுத்தது நாளைக்காகவும் இருக்கலாம். கல்யாண உடை, உள்ளாடை ஒரு செட், அன்றாட மருந்து, பாஸ்போர்ட், மூக்குக்கண்ணாடி, சார்ஜர் இதெல்லாம் கைப்பையில். பெட்டி துணிப்பையாக இருக்கட்டும். சக்கரம் வைத்த கடினப் பெட்டி குட்டி விமானத்தின் சாமான் அறைக்குள் மடங்காது, மணலில் உருளவும் உருளாது.

பவர்பேங்க் கைப்பையில்தான் போகணும். 100 வாட்-மணி வரை பொதுவாகத் தனி அனுமதி தேவையில்லை. 20,000 எம்ஏஎச் என்றால் 3.7 வோல்ட்டால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 74 வாட்-மணி, சிக்கலில்லை. 30,000 என்றால் 111. முன்கூட்டியே கம்பெனியிடம் கேட்கணும்.

பாஸ்போர்ட் செல்லுபடி ஆறு மாதம் மிச்சம் இருக்கணும் என்று பல நாடுகள் கேட்கும். எந்த நாளிலிருந்து அந்த ஆறு மாதம் என்பது நாட்டுக்கு நாடு மாறும், திரும்பும் தேதியிலிருந்து கணக்குப் போட்டால் எங்கேயும் இடிக்காது. திரும்பும் டிக்கெட்டின் அச்சுப்பிரதி ஒன்று கையில் இருக்கட்டும். மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடு வழியாகப் போனால் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்பார்கள். ஊசி போட்டு 10 நாள் ஆன பிறகுதான் அது செல்லும். 2016 ஜூலையிலிருந்து ஒரு ஊசி ஆயுளுக்கும் செல்லுபடி. பத்து வருடம் என்பது பழைய கதை.

நேரக் குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். மாலத்தீவுகளில் சில ரிசார்ட்டுகள் தலைநகர் மாலேயின் நேரத்தைவிட ஒரு மணி நேரம் முன்னால் கடிகாரத்தை வைத்திருக்கும். படகு எந்த நேரப்படி கிளம்புகிறது என்று கேட்காவிட்டால் ஒரு மணி நேரம் தப்பும். பசிபிக் பக்கம் என்றால் தேதிக்கோடு வேறு. ஃபிஜியிலிருந்து குக் தீவுகளுக்குப் பறந்தால் முந்தின நாள் தேதியில் இறங்குவீர்கள். அறை முன்பதிவில் தேதி தப்பாகப் போவது இங்கேதான்.

புயல் காலத்தைப் பாருங்கள். அட்லாண்டிக், கரீபியன் பக்கம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை, உச்சம் செப்டம்பரில். தெற்குப் பசிபிக், தென்மேற்கு இந்தியப் பெருங்கடல் என்றால் நவம்பர் முதல் ஏப்ரல். நிலநடுக்கோட்டை ஒட்டி ஏறக்குறைய 5 பாகைக்குள் புயல் உருவாவது அபூர்வம், ஏனென்றால் காற்றைச் சுழலவைக்கும் பூமிச் சுழற்சியின் விசை அங்கே மிகக் குறைவு. பயணக் காப்பீட்டை டிக்கெட் போட்ட அன்றைக்கே எடுத்துவிடுங்கள். புயலுக்குப் பேர் வைத்த பிறகு வாங்கினால், தெரிந்த ஆபத்து என்று சொல்லி அந்தப் புயலுக்குப் பணம் தரமாட்டார்கள்.

பரிசு: கையோடு கொண்டுபோகாதீர்கள். உங்கள் எடை வரம்பை மட்டுமல்ல, திரும்பும்போது மாப்பிள்ளை-பெண்ணின் வரம்பையும் தின்றுவிடும். அவர்கள் வீட்டு முகவரிக்கு அனுப்பிவிடுங்கள். மது பாட்டில் கொடுக்கும் எண்ணம் இருந்தால் நாட்டின் சட்டத்தைப் பார்க்கணும். மாலத்தீவுகளுக்குள் மது கொண்டுபோக அனுமதியே இல்லை, விமான நிலையத்திலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

ஊசிநூல் எழுதியது:

பயணத்தை பாய்மரம் சொல்லிவிட்டார். நான் மணலுக்கு வருகிறேன். பௌர்ணமி என்று சொன்னீர்களே, அதைத்தான் முதலில் கவனிக்கணும்.

பௌர்ணமி, அமாவாசையை ஒட்டித்தான் கடல் ஏற்றமும் வற்றமும் அதிகம். பல இடங்களில் உச்சம் ஓரிரு நாள் கழித்து வரும். நாளொன்றுக்கு இரண்டு ஏற்றம் வரும் கடற்கரையில், ஏற்ற நேரம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். ஏழு நாளில் ஆறு மணி நேரம். இதனால் என்ன ஆகும் என்றால், மணமக்கள் அரைநிலா நாளில் வந்து இடம் பார்த்திருக்கலாம், அன்றைக்கு 5.30க்கு வற்றம், கடற்கரை அகலமாக விரிந்து கிடந்திருக்கும். பௌர்ணமி அன்று அதே 5.30க்கு நேர் எதிர்மாறாக முழு ஏற்றம். நாற்காலி போட்ட இடத்தில் முழங்கால் தண்ணீர். அந்த ஊர்த் துறைமுகத்தின் ஓத அட்டவணையில், அதாவது ஏற்ற-வற்ற நேரப் பட்டியலில், தேதியைப் போட்டுப் பார்த்து, ஏற்றம் 4 மணிக்கும் 7 மணிக்கும் நடுவில் வந்தால் நண்பர்களிடம் இப்போதே சொல்லுங்கள். நேரத்தையோ இடத்தையோ மாற்ற இன்னும் அவகாசம் இருக்கும். போன பிறகு அடையாளம் பார்க்க: மணலில் பாசியும் சருகும் ஒரு கோடாக ஒதுங்கிக் கிடக்கும், கடைசி ஏற்றம் வந்து நின்ற இடம் அது. பையைக் கோட்டுக்குக் கீழே வைக்கவே வைக்காதீர்கள்.

இன்னொரு வேடிக்கை. பௌர்ணமி நிலா ஏறக்குறைய சூரியன் மறையும் நேரத்தில் கிழக்கே உதிக்கும். சூரிய அஸ்தமனத்துக்காக மேற்குக் கடற்கரையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு நிலா முதுகுப்பக்கம், தென்னை மரங்களுக்குப் பின்னால்தான் எழும். இரண்டும் ஒரே போட்டோவில் வராது, புகைப்படக்காரரைத் திட்டிப் பிரயோஜனமில்லை.

வெப்பமண்டலத்தில் சூரியன் செங்குத்தாக இறங்குவதால் அந்தி நீளாது. மறைந்து 25 நிமிடத்துக்குள் இருட்டு. 6 மணிக்குச் சூரியன் மறைந்தால் 6.30க்கு செருப்பைத் தேட டார்ச் வேண்டும். ஆமை முட்டையிடும் கடற்கரை என்றால் வெள்ளை வெளிச்சம் கூடாது. சிவப்பு விளக்கு, அதையும் தரையைப் பார்த்து.

இனி உடை. தரையைத் தொடும் உடை வாங்கினால் தையல்காரரிடம் உயரம் கொடுக்கும்போது வெறுங்காலில் நின்று கொடுங்கள். குதிகால் செருப்பு போட்டு அளவெடுத்த உடை, மணலில் செருப்பைக் கழற்றிய மறு நிமிடமே குதிகால் உயரத்துக்குத் தரையில் புரளும். ஈர மணல் ஓரத்தில் ஒட்டி, உலர்ந்ததும் உப்புக் கோடு போடும். கணுக்காலுக்கு மேல் நாலு விரல் நிற்பதே சரி. லேசான துணி என்றால் காற்றில் குடை மாதிரி மேலே போகும். கீழ் ஓரத்தின் மடிப்புக்குள் திரைச்சீலைக்கு வைக்கும் குட்டி ஈயக் குண்டு நாலு, பக்கத்துக்கு ஒன்றாக, நூலால் கட்டித் தைத்துவிட்டால் அடங்கும். முழு அகலத்துக்கும் சங்கிலி மாதிரி வைத்தால் நடக்கும்போது காலைத் தட்டும்.

பட்டும் சாட்டினும் வேண்டாம்: வியர்வை, தெறித்த நீர் இரண்டும் வட்டம் வட்டமாகக் கறை விடும். லினன் கசங்கும், ஆனால் அங்கே எல்லோரும் கசங்கித்தான் இருப்பார்கள். மெல்லிய பருத்தி, அல்லது பருத்தி-லினன் கலவை உத்தமம். வெளிர் நிறம் கேட்டிருக்கிறார்கள், சரி. ஆனால் மணப்பெண் சுத்த வெள்ளை உடுத்துவாரா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

வெளிர் உடைக்கு எதிரி சன்ஸ்கிரீன். ஏவோபென்சோன் என்ற பொருள் உள்ள சன்ஸ்கிரீன் காலரிலும் கைக்கட்டிலும் பட்டு, அந்தத் துணியை இரும்புச்சத்து உள்ள தண்ணீரில் துவைத்தால் துருக்கறை மாதிரி ஆரஞ்சு நிறம் வரும். குளோரின் பிளீச் ஊற்றினால் இன்னும் மோசமாகும். துருக்கறை நீக்கிதான் எடுக்கும். தடவி 15 நிமிடம் ஊறவிட்டு அப்புறம் உடை மாற்றினால் பாதிப் பிரச்சினை தீரும். துத்தநாக ஆக்சைடு வகையில் இந்தக் கறை கிடையாது, ஆனால் ஃபிளாஷில் முகம் சுண்ணாம்பு பூசின மாதிரி தெரியும். தோல் நிறம் கலந்த வகை இருக்கிறது, கல்யாணத்துக்கு அதையே வாங்குங்கள். சில இடங்களில் சட்டமே உண்டு: ஹவாயில் 2021 முதல் ஆக்சிபென்சோன், ஆக்டினாக்சேட் கலந்ததை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கமுடியாது. பலாவ் 2020லேயே பவளத்துக்குக் கேடான சன்ஸ்கிரீன்களைத் தடை செய்துவிட்டது.

அளவு கணக்கும் போடுங்கள். பெரியவர் ஒருவருக்கு உடல் முழுக்க ஒரு தடவைக்குச் சுமார் 30 மில்லி. பல விமான நிலையங்களில் கைப்பைக்கு அனுமதிக்கும் 100 மில்லி டப்பா மூன்று தடவைக்கு மேல் வராது, அதுவோ இரண்டு மணிக்கொரு தடவை போடவேண்டியது. பெட்டியில் பெரிய டப்பா வையுங்கள்.

காலணி: கூர்க் குதிகால் மணலில் ஆணி மாதிரி இறங்கும். தட்டையான, பின்பட்டை உள்ள செருப்பு. கறுப்பு எரிமலை மணல் என்றால் மத்தியானம் வெறுங்காலை வைக்கவே முடியாது. பவள வெண்மணல் அவ்வளவு சுடாது.

கட்டுத்துணி எழுதியது:

மருந்துப் பை பற்றிச் சுருக்கமாக.

படகு என்றால் குமட்டல் மாத்திரை கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்னால். வாந்தி வந்த பிறகு போட்டுப் பயனில்லை. காதுக்குப் பின்னால் ஒட்டும் ஸ்கோபோலமைன் பட்டை என்றால் நாலு மணி நேரம் முன்னால், மருத்துவர் சொன்னால் மட்டும். எல்லாமே தூக்கம் வரவைக்கும், கூடவே மது கூடாது. வேகப்படகில் முன்பக்கம் உட்காராதீர்கள். அலைமேல் குதித்து விழும் அடி முழுக்க அங்கேதான், முதுகெலும்பு நசுங்கிய கேஸ்கள் உண்டு. கர்ப்பிணிகளும் முதுகுவலிக்காரர்களும் பின்பக்கம், நடுவில்.

கொசுவிரட்டி: டீட் 20 முதல் 30 சதவீதம், அல்லது பிகாரிடின் 20. முதலில் சன்ஸ்கிரீன், அது காய்ந்த பிறகு கொசுவிரட்டி. டீட் பட்டால் ரேயான், ஸ்பான்டெக்ஸ் துணி, பிளாஸ்டிக் வாட்ச் பட்டை, கண்ணாடி ஃபிரேம், நகப்பூச்சு எல்லாம் கெடும். கல்யாண உடையோடு பிகாரிடின்தான் சரி. டெங்கு கொசு பகலில் கடிப்பது, விடிந்த பிறகும் சூரியன் மறைவதற்கு முந்தியும் அதிகம்; அதாவது சரியாக உங்கள் கல்யாண நேரம். காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் மட்டும். டெங்கு இல்லை என்று தெரியும்வரை ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் தொடவேண்டாம், ரத்தக்கசிவு ஆபத்து.

உப்பு-சர்க்கரைப் பொட்டலம் ஆறு. தீர்ந்துபோனால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் சமமட்டமாக ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. கண்ணால் பார்த்துப் போடாதீர்கள், உப்பு கூடினால் கெடுதல்.

வற்றத்தில் படகு கரைக்கு வராமல், பாறைத்திட்டில் இறக்கி நடக்கச் சொல்வார்கள். கெட்டி அடியுள்ள நீர்ச்செருப்பு கட்டாயம். பாறை மாதிரியே கிடக்கும் விஷமீனான கல்மீனின் முள் குத்தினால் தாங்கக்கூடிய சூட்டில், 45 டிகிரிக்கு மிஞ்சாத வெந்நீரில் 30 முதல் 90 நிமிடம் காலை முக்கணும். விஷம் சூட்டில் சிதையும். சூட்டை அடிபடாத காலில் முதலில் சோதியுங்கள். குத்துப்பட்டவருக்குச் சூடு உறைக்காது, வெந்துபோகும். பிறகு மருத்துவமனை.

சின்னத் தீவில் இருப்பது முதலுதவி நிலையம்தான், அறுவை சிகிச்சை கிடையாது. காப்பீட்டில் அவசர இடமாற்றச் செலவு உண்டா என்று பார்த்து வாங்குங்கள்.

வெண்மணல் எழுதியது:

இவ்வளவு எதிர்பார்க்கவில்லை, நன்றி. ஓத அட்டவணை பார்த்தேன்: ஏற்றம் 6.10க்கு! நண்பர்களுக்குச் சொல்லிவிட்டேன். இன்னும் இரண்டு கேள்வி. என்னைச் சாட்சிக் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள், கூடவே போனில் வீடியோவும் எடுக்கச் சொல்கிறார்கள். எதற்காவது தனியாகத் தயார் பண்ணணுமா? மறுநாள் ஸ்கூபா போகும் எண்ணமும் இருக்கிறது.

மூன்றுகால் எழுதியது:

வீடியோவில் படம் வந்துவிடும், சத்தம்தான் வராது. கடல்காற்று மத்தியானத்துக்கு மேல் வலுத்து, மாலையில்தான் மெல்ல அடங்கும், 5.30க்குப் பாதி பலமாவது இருக்கும். போன் மைக்கில் அது நேராக மோதினால் உறுதிமொழி ஒரு வார்த்தை தேறாது. மாப்பிள்ளை சட்டையில் குத்தும் சின்ன மைக், மேலே பஞ்சுமயிர் உறை போட்டது, அதில் தனியாகப் பதிவு செய்யுங்கள். நீங்கள் நிற்கும்போது காற்று உங்கள் முதுகில் படட்டும், உடம்பே தடுப்பு.

ஏசி அறையிலிருந்து போனையும் கேமராவையும் நேராக வெளியே எடுத்தால் லென்ஸ் மூடுபனி போட்டுவிடும். துடைத்தால் மறுபடி போடும். அறைக்குள்ளேயே காற்றுப்புகாத ஜிப் பையில் போட்டு மூடி, வெளியே கொண்டுவந்து அரை மணி நேரம் கழித்துத் திறவுங்கள்; ஈரம் பையின் மேல்தான் படியும். எடுத்து முடித்ததும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் உப்பைத் துடையுங்கள். சார்ஜ் துளையில் மணல் இருந்தால் ஊசி விடாதீர்கள், காய்ந்த மென்தூரிகை போதும்.

ஸ்கூபா: ஒரே ஒரு முறை முங்கினால் விமானம் ஏற 12 மணி நேரம், பலமுறை முங்கினால் 18 மணி நேரமாவது இடைவெளி வேண்டும். குட்டி விமானத்தில் திரும்புவதாக இருந்தால் அதுவும் கணக்கில் சேரும். முங்குவதைக் கல்யாணத்துக்கு முன்னாடி வைத்தால் நெற்றியில் முகமூடித் தடத்தோடு போட்டோவில் நிற்பீர்கள், மறுநாள் என்பதே சரி.

பாய்மரம் எழுதியது:

சாட்சிக்கு: பதிவு அந்தத் தீவிலேயே நடக்கிறதா, அல்லது ஏற்கெனவே பதிவு செய்துவிட்டு இங்கே சடங்கு மட்டுமா என்று முதலில் கேளுங்கள், பலர் இரண்டாவதைத்தான் செய்கிறார்கள், தங்கியிருக்க வேண்டிய நாள் கணக்கு, ஆவண மொழிபெயர்ப்பு இதெல்லாம் மிச்சம். சட்டப்படியான பதிவு என்றால் அன்றைக்கு அசல் பாஸ்போர்ட் கையில் இருக்கணும், அறையின் லாக்கரில் அல்ல. பதிவேட்டில் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரை எழுத்து பிசகாமல் எழுதுங்கள்.

கடைசிப்படகு எழுதியது:

பாய்மரம் படகைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் விட்டுவிட்டார், வெண்மணல் கேட்டதோ அதையும்தான். என் கணிப்பு: தூரம் இரண்டு மணி நேரத்துக்குள் என்றால் படகே மேல். மேகம் தாழ்ந்தோ குறுக்குக் காற்று அடித்தோ இரண்டு விமானம் ரத்தானால் 38 பேர் வரிசையில் நிற்பார்கள், மறுநாள் விமானத்திலும் ஏற்கெனவே டிக்கெட் வாங்கினவர்கள் இருப்பார்கள். படகு ஒரே நடையில் எல்லோரையும் ஏற்றிவிடும், பெட்டியையும் எடை போட்டுப் பிரிக்காது. அலை உயரம் அதிகமாகித் துறைமுகத்தை மூடினால் மட்டும் படகு நிற்கும், அப்போது விமானம் ஓடினாலும் ஓடும்.

படகு எடுத்தால் காலை நடையாக எடுங்கள், கடல்காற்று கிளம்புவதற்கு முன். பெட்டிக்குள் துணியைக் கனமான குப்பைப் பையில் போட்டு வாயைக் கட்டிவிடுங்கள். பெட்டிகளைப் படகின் மேல்தளத்தில் அடுக்கிப் போர்த்தும் தார்ப்பாய் ஓரத்தில் இருக்கும் பெட்டிக்கு எட்டாது. பணம் சில்லறை நோட்டாக, திரும்பும் நாள்வரைக்கும் போதுமான அளவு. தீவில் ஏடிஎம் ஒன்றே ஒன்று இருந்து, கல்யாணக் கூட்டம் மொத்தமும் முதல் நாளே அதைக் காலி பண்ணிவிடும். கார்டு மெஷின் இணையம் போனால் சும்மா.

குளியலில் சோப்பு நுரைக்கவில்லை என்றால் ஆச்சரியப்படாதீர்கள், தண்ணீரில் உப்பு கலந்திருக்கிறது. சின்னத் தீவில் நன்னீர் என்பது கடல்நீர் மேல் மிதக்கும் மெல்லிய அடுக்கு. இறைக்க இறைக்கக் கீழிருந்து உப்புநீர் ஏறும். அறுபது விருந்தாளி ஒரே நேரத்தில் குளித்தால் அதுதான் நடக்கும். கல்யாணத்தன்று தலைக்குக் குளிப்பதை மத்தியானத்துக்குள் முடித்துக்கொள்ளுங்கள், 4 மணிக்கு எல்லா அறையிலும் குழாயைத் திறப்பார்கள், உங்களுக்குச் சொட்டுச் சொட்டாகத்தான் வரும்.

அப்புறம், பவளத் துண்டு, ராணிச் சங்கு, ராட்சதச் சிப்பி ஓடு எதையும் பெட்டியில் போடாதீர்கள். கரையில் சும்மா கிடந்தது என்றாலும் அவை சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ளவை, அனுமதிச்சீட்டு இல்லாமல் சுங்கத்தில் பிடித்தால் அபராதம் விழலாம்.